ஆசிரியரும் பதிப்புரிமையும்

(சங்க ஆண்டு விழாவில் தமிழ் வகுப்பு ஆசிரியர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

   

பதிப்புரிமை என்றவுடன், இது வழக்கறிஞர் பேசவேண்டிய பொருளன்றோ, தமிழ் வாத்தியார்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை உண்டு என்று கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

தாயகத்தினின்றும் தொலைவில் வாழும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எவ்வழியாக வருகின்றது? தெருவில் அது இல்லை. பள்ளியில் சிலர்க்கே கிடைக்கின்றது. பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே வருகின்றது. காலையில் ஒரு கவிதை, மாலையில் ஒரு கதை என வாட்ஸப்பில் வந்து குவிகின்றன. அவற்றுள் பலவற்றில் எழுதியவர் பெயர் இல்லை. பெயர் இருப்பினும் அதை நம்புவதற்கில்லை. பாரதியார் எழுதாத வரிகள் பாரதியார் பெயரிலும், அப்துல் கலாம் சொல்லாத மொழிகள் கலாம் பெயரிலும் உலவுகின்றன. இவ்வாறு தமிழ் பயிலும் குழந்தை, கவிதை என்பது மழைபோல வானத்திலிருந்து பொழிவது என்று நம்பியே வளரும். அதை ஒருவர் இரவெல்லாம் விழித்து எழுதினார், அவர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றார், அவர் நூலைக் கடையில் வாங்கலாம் என்பதெல்லாம் அதற்குத் தோன்றுவதேயில்லை. நாங்கள் அஞ்சுவது இதற்குத்தான்.

சட்டம் ஆசிரியரிடம் கடுமை காட்டவில்லை. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படி எடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று கூறுகின்றது. இதன் எல்லை யாது என்பது நாம் வாழும் இத்தலைநகரிலேயே வழக்காயிற்று. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்னும் நகலகம், பாடத்திட்டத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகல் எடுத்துத் தொகுத்து மாணவர்க்கு விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகத்தார் 2012-இல் வழக்குத் தொடுத்தனர். 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அவ்வாண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தல் என்பது வகுப்பறைச் சுவர்களுக்குள் மட்டும் அடங்குவதன்று எனப் பரந்த பொருள் கொண்டது. ஆயினும் அத்தொகுப்புகளில் இருந்தவை பாடத்துக்குத் தேவையானவைதாமா என்பதை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017-இல் பதிப்பகத்தார் வழக்கையே திரும்பப் பெற்றனர். விலை மிகுந்த நூல்களை வாங்க இயலாத மாணவர்க்கு இஃது ஒரு பெரும் வாயில் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

ஆனால் வாயில் ஆசிரியர்க்காகத் திறந்தது என்பதால், அதன் வழியே யாவரும் எல்லாவற்றையும் அள்ளிச் செல்லலாம் என்று பொருள் கொள்ளுதல் முறையன்று. ஒரு சிறுகதையைப் படி எடுத்து இருபது மாணவர்க்கு வழங்கிப் பாடம் நடத்துவது வேறு. உயிரோடிருக்கும் எழுத்தாளரின் முழு நாவலையும் பி.டி.எஃப். கோப்பாக்கி நூற்றுக்கணக்கானோர் உள்ள குழுவில் இடுவது வேறு. அதைக் கற்பித்தல் என்று கூற நமக்கு நா எழாது. தமிழ் எழுத்தாளர் விற்கும் படிகள் மிகச் சில என்பதை அறிந்தே அதைச் செய்வது இன்னும் வருந்தத்தக்கது.

எழுதியவர் மறைந்தபின்னும் உரிமை 60 ஆண்டுகள் நிற்கின்றது. ஜெயகாந்தன் 2015-இல் மறைந்தார்; அவர் நூல்களுக்கு 2075 முடியும்வரை உரிமை உண்டு. பாரதியார் நிலை வேறு. அவர் நூல்களின் உரிமையைச் சென்னை அரசு 1949-இல் பெற்றுப் பின்னர் 1955-இல் மக்களுக்கே பொதுவாக்கியது. எவரும் அச்சிடலாம், பாடலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டெழுதி வைத்துள்ள பழந்தமிழ் நூல்களையும் விலையின்றிப் பெறலாம். அவ்வாறு பெறும்போது, தட்டெழுதியவர், பிழை திருத்தியவர் பெயர்கள் முகப்பிலேயே இருப்பதைக் காணலாம். நம்மவர் பலர் அந்த முகப்பை வெட்டிவிட்டே பிறர்க்கு அனுப்புகின்றனர். ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை; அதனால் மிஞ்சுவது ஒரு பக்கந்தான்!

பெயர் கூறும் வழக்கம் மேனாட்டார் நமக்குக் கற்பித்ததன்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், தமக்கு ஏடு தந்தோர் பெயர்களைத் தம் பதிப்புகளின் முகவுரைகளில் நன்றியோடு குறித்தார்.

பிள்ளைகள் நாம் சொல்வதைக் காட்டிலும் செய்வதையே பார்க்கின்றனர். ஆகவே எங்கள் வகுப்பில் தரும் ஒவ்வொரு தாளின் அடியிலும் எழுதியவர் பெயர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றை எழுதுகின்றோம். படமாயின் வரைந்தவர் பெயர். மொழிபெயர்ப்பாயின் இருவர் பெயரும். பெயர் தெரியாவிடில், ‘எழுதியவர் பெயர் தெரியவில்லை’ என்றே எழுதுகின்றோம். அவ்வாறு எழுதிய தாளை எடுத்துக்கொண்டு, பெயரைக் கண்டுபிடித்தே தீர்வது என இணையத்தில் தேடத் தொடங்கும் பிள்ளைகளும் உண்டு. கட்டுரை எழுதச் செயற்கை நுண்ணறிவுக் கருவியின் துணை கொண்டால் அதையும் குறிக்கச் சொல்கின்றோம். சிறுவர் சிரிக்கின்றனர், ஆயினும் குறிக்கின்றனர்.

மாணவரின் ஆக்கத்தையும் இவ்வாறே கருதுகின்றோம். எட்டு வயதுச் சிறுமி வரைந்த மயிலுக்கு அச்சிறுமியே உரிமையுடையவள். அப்படத்தைச் சங்கக் குழுவில் இடுவதற்குமுன் அவளையும் பெற்றோரையும் கேட்கின்றோம். ஒரு மாணவன் வேண்டாம் என்றான், இடவில்லை. தன் ‘வேண்டாம்’ மதிக்கப்படுவதைக் கண்ட பிள்ளைக்குப் பிறர் உரிமையைப் பற்றி நாங்கள் மிகுதியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

வரும் கல்வியாண்டுக்கு ஒரு கதைத் தொகுப்பு அச்சிட எண்ணியுள்ளோம். இன்று வாழும் எழுத்தாளர்கட்கு, எந்தக் கதை, எத்தனைப் படிகள், விலை உண்டா இல்லையா என விவரித்து இசைவு வேண்டி மடல் எழுதியிருக்கின்றோம். சிலர் விடை எழுதியுள்ளனர். விடை வாராதோர் கதைகளைத் தொகுப்பில் சேர்க்கப்போவதில்லை. அக்கதைகளும் பிள்ளைகள் படிக்கத்தக்கவையே. ஆதலின் அவை அடங்கிய நூல்களை இரண்டிரண்டு படிகளாக வாங்கிச் சங்க நூலகத்தில் வைக்குமாறு செயற்குழுவினரை வேண்டிக்கொள்கின்றோம். நூற்பட்டியலைச் செயலாளர் அவர்களிடம் தந்துள்ளோம்.