தச்சர் வளர்த்த கடிகாரக் குடும்பம்

பழைய கடிகாரங்களைப் பழுது பார்ப்பதையே ஜீவனமாகக் கொண்ட என்னை ஒரு கடிகாரப் பரம்பரையைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துச் சேத் தாமஸ் குடும்பமே முதலில் என் நினைவுக்கு வந்தது.

1785-ல் பிறந்த சேத் தாமஸ் தொழிலால் தச்சர். பித்தளை அருமையாகவும் அதிக விலையாகவும் இருந்த அந்த வட்டாரத்தில், எலி டெர்ரி என்பவர் மூன்று ஆண்டுகளில் 4000 மரக் கடிகார யந்திரங்கள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, நீர் விசையால் ஓடும் கருவிகளைக் கொண்டு ஒரே அளவான உறுப்புகளை மொத்தமாக அறுக்கத் துணிந்தபோது, அந்தப் பட்டறையில் தாமஸும் போய்ச் சேர்ந்தார். 1813-ல் பிளிமத் ஹாலோ என்னும் ஊரில் தமக்கென்று ஒரு பட்டறையை விலைக்கு வாங்கினார்.

மரத்தாலான பல்சக்கரமா என்று நீங்கள் வியப்பது நியாயமே. ஓக் பலகையில் சட்டமும், செர்ரி மரத்தில் சக்கரமும் அமைத்தார்கள். ஒரே பலகையிலிருந்து வட்டமாக அறுத்தெடுத்த சக்கரத்தில், மரத்தின் நார் ஓடும் திசையிலேயே நீளும் பற்கள் உறுதியாக நிற்கும். நாருக்குக் குறுக்காக அமைந்த பற்களோ எளிதில் ஒடிந்துபோகும். எந்தப் பல் முதலில் ஒடியும் என்பதைத் தச்சனுடைய கண் பார்த்தவுடனே சொல்லிவிடும். ஆகையால் அந்தத் தொழிலுக்குத் தாமஸைப் போன்ற ஒருவர் வாய்த்தது பெரும் பாக்கியம் என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் ஈரக் காற்றில் மரம் ஊதிவிடும். கப்பலேற்றிக் கடல் கடந்து அனுப்ப அது தோதுப்படாது. ஆகவே 1840-களில் அவரும் பித்தளைக்கு மாறினார்.

பித்தளைக்கு வேறு விதமான ஆபத்து உண்டு, நேயர்களே! என்னிடம் வந்த ஒரு சுவர்க் கடிகாரத்தைத் திறந்தபோது, வீட்டுப் பெரியவர் ஆண்டுக்கணக்காக அன்போடு விட்டுவந்த தேங்காய் எண்ணெய் பிசினாக இறுகி, தூசியோடு கலந்து அச்சுகளை அரித்து, வட்டத் துவாரங்களையெல்லாம் முட்டை வடிவமாக்கியிருந்தது. துவாரங்களுக்குப் புஷ் என்னும் புது உள்வளையம் போட்டு, மண்ணெண்ணெயில் கழுவிக் கோத்து, சாவி கொடுத்ததும் பெண்டுலம் ஆடத் தொடங்கியதைக் கேட்டபோது எனக்குண்டான ஆனந்தம் சாமானியமானதன்று.

மீதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1853-ல் தாமஸின் பட்டறை கம்பெனியாயிற்று. 1859-ல் தாமஸ் காலமானார். பின்னர் பிளிமத் ஹாலோ ஊரே தாமஸ்டன் என்று அவர் பெயரைத் தாங்கிக்கொண்டது. தாமஸின் மக்களும் அவர்தம் வழியினரும் நடத்திவந்த அந்த ஸ்தாபனம் 1931-ல் ஜெனரல் டைம் என்னும் பெரிய நிறுவனத்தோடு இணைந்தது.

உங்கள் வீட்டுச் சுவரில் பாட்டனார் காலத்துக் கடிகாரம் ஏதேனும் நின்றுபோயிருந்தால், அதைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாமல், கைதேர்ந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் விடவே வேண்டாம்.