நம் மலையடிவாரத்து அண்டை வீட்டார்

(சங்கத்தின் பொன்விழாத் தொடக்கக் கூட்டத்தில், இளைஞர் பகுதியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





ஐம்பதாம் ஆண்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஐம்பது ஆண்டுகளையும் கண்டவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போது நாங்கள் என்ன பேசுவது என்று தயங்கினோம். ஆகவே நாங்கள் கண்ணால் கண்ட ஒரு நாளை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துகொள்கிறோம்.

அந்தப் பயணம் இந்த மண்டபத்தில்தான் தொடங்கியது. உம்ராவை நிறைவேற்றிவிட்டு மொரோக்கோ நாட்டுக்கும் சென்று வந்த நம் உறுப்பினர் சிலர், ஓர் இரவு இங்கே திரை கட்டிப் படம் காட்டினார்கள். மராகேஷ் நகரிலிருந்து வழிகாட்டியுடன் ஒரு நாள் பயணமாக அட்லஸ் மலைக்குள் போயிருந்தார்கள். ஊரிகா பள்ளத்தாக்கு, ஆற்றின் இரு பக்கமும் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள், உயரத் தூக்கி ஊற்றிக் கொடுக்கும் புதினாத் தேநீர் எல்லாம் பார்த்தோம். அங்கே வாழும் பெர்பர் மக்கள் தங்களை அமாஸிக் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முஸ்லிம்களாக இருந்தும் தங்கள் தாய்மொழியை அவர்கள் கைவிடவில்லை. 2011-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் அந்த மொழியை அரபுக்குப் பக்கத்தில் ஆட்சிமொழியாக ஏற்றது. 2023 செப்டம்பரில் வந்த நிலநடுக்கத்தில் அந்த மலைக் கிராமங்கள் பல இடிந்து விழுந்ததையும் கேட்டோம். எங்கள் நெஞ்சு கனத்தது. தஞ்சா நகரில் பெர்பர் வழியில் பிறந்த இப்னு பதூதா, 1340-களில் நம் முன்னோர்களின் மதுரைச் சீமைக்கே வந்து தங்கியவர் என்று உஸ்தாத் நினைவுபடுத்தினார்கள். அவ்வளவு தூரத்து மக்கள் ஒரே இரவில் சொந்தக்காரர்கள் போல் ஆகிவிட்டார்கள்.

படம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: "எல்லாம் சரிதான் பிள்ளைகளே. நம் கோல குபு மலையில் இருக்கிறார்களே, அவர்கள் யார்? உங்களில் எத்தனை பேர் அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறீர்கள்?"

ஒருவரும் கை தூக்கவில்லை. அந்த மலை நம் வாசலில் நின்றால் தெரிகிறது.

ஆகவே பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். பூர்வகுடியினரின் கிராமத்துக்குக் கூட்டமாகப் போவதென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். தோக் பாத்தின் எனப்படும் ஊர்த்தலைவருக்கும் தெரிவிக்க வேண்டும். அதையெல்லாம் முறையாகச் செய்தோம். அந்த ஊர் இளைஞர் ஒருவரே வழிகாட்டியாக வர ஒப்புக்கொண்டார். ஸுபுஹு தொழுதுவிட்டு, இரண்டு வேன்களில் நாசி லெமாக் பொட்டலங்களுடன் ஏறினோம். கூடவே பழைய துணி மூட்டைகள் மூன்றையும் ஏற்றினோம். அந்த மூட்டைகளை மறந்துவிடாதீர்கள்.

கெர்லிங் தாண்டி, அம்பாங் பெச்சாவில் வழிகாட்டி ஏறிக்கொண்டார். அந்தப் பெயருக்கு 'உடைந்த அணை' என்று பொருள். 1883-இல் அங்கிருந்த பழைய அணை உடைந்து ஊரையே வெள்ளம் கொண்டுபோயிற்று. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் அதில் மாண்டார். அதற்குப் பிறகும் ஈயச் சுரங்க மணல் ஆற்றை அடைத்து வெள்ளம் ஓயாமல் வந்ததால், ஊரை மேட்டு நிலத்துக்கு மாற்றினார்கள். அதுதான் கோல குபு பாரு, அதாவது புதிய கோல குபு. ஐம்பது முறையாவது அந்த வழியே போயிருக்கிறோம். பெயரின் பொருளை ஒரு முறையும் கேட்டதில்லை.

அங்கிருந்து சாலை மலைமேல் ஏறுகிறது. சற்று நேரத்தில் ஒரு பக்கம் பரந்த நீர்த்தேக்கம். அதுதான் 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கட்டி முடித்த சுங்கை சிலாங்கூர் அணை. பச்சை மலையும் நீலத் தண்ணீரும் பார்க்கப் பார்க்க அலுக்காது. இறங்கிப் படம் எடுத்தோம். சுபுஹானல்லாஹ் என்றோம்.

வழிகாட்டி படம் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீருக்கு நடுவே விரலை நீட்டி மலாய்மொழியில் சொன்னார்: "என் அம்மாவின் ஊர் அங்கே இருந்தது. அடியில்."

அவர்கள் தெமுவான் இனத்தவர். அணை கட்டியபோது கெராச்சி, பெர்தாக் என்ற அவர்களின் இரண்டு குடியிருப்புகள் இடம் மாற்றப்பட்டன. புதிய வீடு கிடைத்தது, மின்சாரம் வந்தது. அதை அவரே சொன்னார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, தாத்தா வைத்த மரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஆற்றோரத்தில் இரண்டு டுரியான், அவற்றுள் ஒன்று காய் சிறுத்து சதை கசக்கும். பாறைக்கு மேலே பெத்தாய் மரம். வீட்டுக்குப் பின்னால் லங்சாட், அதன் கீழேதான் பாட்டி உட்கார்ந்து கூடை முடைவாள். அவர் அந்த ஊரில் வாழ்ந்ததில்லை. எல்லாம் அம்மா சொல்லிக் கொடுத்தது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்: "நீங்கள் தோட்டத்து ஆட்கள்தானே? உங்கள் தோட்டம் எங்கே?"

பெரியோர்களே, அந்தக் கேள்விக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. வந்தவர்களில் பாதிப் பேரின் பாட்டன்மார் தோட்டத்துக்குக் கடை வைக்க வந்தவர்கள். சைக்கிளில் பெட்டி கட்டி லயம் லயமாக ரொட்டி விற்றவர்கள். துணி மூட்டை சுமந்தவர்கள். மீதிப் பேரின் குடும்பங்கள் கித்தா மரத்தில் பால் வெட்டியவை. கித்தாவை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். பிறகு செம்பனையையும் வெட்டி வீடமைப்புத் திட்டம் வந்தது. லயம் போயிற்று, கோயில் பெயர்ந்தது, சூராவ் பெயர்ந்தது. புக்கிட் தாகார், மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் ஒரு வீட்டுக்காக எத்தனை காலம் காத்திருந்தார்கள் என்பதை இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. அவர் ஊர் தண்ணீருக்கு அடியில் போயிற்று. நம் ஊர் அப்படிப் போகவில்லை, ஆனாலும் இல்லை.

கிராமத்தை அடைந்தோம். இங்கேதான் எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும். வேன் நின்றதும் எங்களில் சிலர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு குழந்தைகளைப் படம் எடுக்க ஓடினோம். இன்னும் சிலர் மூட்டைகளை இறக்கி, வாசலில் நின்ற பெண்களுக்கு நேராக நீட்டினோம். யாரும் வாங்கவில்லை. கோபப்படவும் இல்லை. வழிகாட்டி மெதுவாகச் சொன்னார்: "முதலில் உட்காருங்கள். விருந்தாளிகள் நீங்கள்தான்."

அது சுருக்கென்றது. நம் வீட்டுக்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்து, ஸலாம் சொல்லாமல், பிள்ளைகளைப் படம் பிடித்து, பழைய சட்டையை நீட்டினால் நம் பாட்டிமார் என்ன சொல்லியிருப்பார்கள்? மூட்டைகளை மறுபடி வேனில் ஏற்றினோம்.

உட்கார்ந்தோம். நாங்கள் முஸ்லிம்கள் என்று அறிந்து, உணவில் எங்களுக்குத் தயக்கம் வரக்கூடாது என்று, அவித்த மரவள்ளிக் கிழங்கும் துருவிய தேங்காயும் மட்டும் வைத்தார்கள். எங்களுடன் வந்த எழுபது வயதுத் தாயார் ஒருவர் கிழங்கைக் கையில் எடுத்ததும் கண் கலங்கினார். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கண்ணில் படாதபோது தன் தாயைத் தோட்டத்தில் உயிரோடு வைத்தது இந்தக் கிழங்குதான் என்றார். ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோன கதையையும் சொன்னார். அதைக் கேட்ட அந்த வீட்டுப் பாட்டி, அவசரகாலத்தில் தன் மக்களைக் காட்டிலிருந்து இறக்கி முகாமில் அடைத்த கதையைச் சொன்னார். 1948 முதல் 1960 வரையிலான அந்தக் காலத்தில் அப்படி இறக்கப்பட்ட பூர்வகுடியினர் பலர் நோயில் மாண்டார்கள். தோட்டத்து லயங்களையும் அப்போது முள்வேலிக்குள் அடைத்தார்கள் என்று எங்கள் தாயார் சொன்னார். இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். எங்களுக்குத் தெரியாத வரலாறு எங்கள் முன்னாலேயே பரிமாறப்பட்டது.

நிலத்தைப் பற்றியும் கேட்டோம். டெங்கிலுக்குப் பக்கத்தில் புக்கிட் தம்போய் தெமுவான் மக்களின் நிலத்தை விமான நிலைய நெடுஞ்சாலைக்கு எடுத்தபோது, மரத்துக்கும் வீட்டுக்கும் இழப்பீடு கொடுத்தார்கள், மண்ணுக்குக் கொடுக்கவில்லை. சாகோங் தாசியும் அவர் உறவினரும் வழக்குத் தொடுத்தார்கள். மண்ணும் அவர்களுடையதே என்று 2002-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த வழக்கில் தங்கள் பாட்டன்மாரின் பெயர்களையும் புதைகுழிகளையும் மரங்களையும் சொல்லத் தெரிந்திருந்தது அவர்களுக்குத் துணை நின்றது. நினைவு வைத்திருந்ததால் நிலைநாட்ட முடிந்தது.

பிற்பகல் கேப் வரை ஏறினோம். 1951 அக்டோபர் 6-இல் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது இந்தச் சாலையில்தான். அதற்கு மேல் பிரேசர் மலைக்குப் போகும் பாதை ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். பனி இறங்கியிருந்தது. அஸர் தொழுதுவிட்டுக் கீழே பார்த்தோம். இந்தச் சரிவுகளில் பிறக்கும் சிலாங்கூர் ஆறுதான் அணையில் தேங்கி, கோல சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. கம்போங் குவாந்தானில் மின்மினிகள் மின்னுவது அதன் கரையில்தான். கோலாலம்பூரில் நம் பிள்ளைகள் ஒலு செய்யும் தண்ணீரும் பெரும்பாலும் இதுதான். இவ்வளவு காலமும் ஒரே ஆற்றின் மேலும் கீழுமாக இருந்தும் ஒருவரையொருவர் கேட்டதில்லை. இனங்களையும் கோத்திரங்களையும் இறைவன் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்று உஸ்தாத் எத்தனை பயானில் சொல்லியிருக்கிறார்கள்! அறிந்துகொள்ள மொரோக்கோவுக்கும் போகலாம். ஆனால் அண்டை வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இறங்கும் வழியில் வேனில் பேச்சில்லை. கலும்பாங் நெருங்கும்போது ஒருவர் கேட்டார்: "நம் பழைய தோட்டத்து மையவாடியில் யார் யார் அடங்கியிருக்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா?" இரண்டு வேன்களிலும் சேர்த்து, ஆறு பெயர்கள்தான் தேறின. அந்த இளைஞர் தான் பார்த்தே இராத மரங்களை வரிசையாகச் சொன்னார். நம்மால் நம் மையித்துகளைச் சொல்ல முடியவில்லை. பேரப்பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவதும் குறைந்துவருகிறது. இன்னும் பத்தாண்டு போனால் சொல்ல ஆள் இருந்தாலும் கேட்டுப் புரிந்துகொள்ள ஆள் இருக்காது.

இந்தச் சங்கம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்று முன்வரிசைப் பெரியோர்கள் எங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஊரை விட்டு வந்த ஒருவர் தோட்டத்தில் மவுத்தானால் கபன் வாங்கவும் நான்கு பேர் சந்தூக் தூக்கவும் ஏற்பாடு வேண்டும் என்பதற்காக. அப்படிப் பிறந்த சங்கம் தான் தூக்கிச் சென்றவர்களின் பெயரை மறக்கலாமா?

எனவே இளைஞர் பகுதி மூன்று காரியங்களை ஏற்றிருக்கிறது. ஒன்று, டுரியான் பருவத்தில் அந்த ஊருக்கு மீண்டும் போவோம், அழைத்தால் மட்டும். பழங்களை நடுவில் ஆள் இல்லாமல் அவர்களிடமே உரிய விலைக்கு வாங்குவோம். இரண்டு, அவர்களை நம் பொன்விழாக் கந்தூரிக்கு அழைப்போம். வாசலில் நின்று வரவேற்போம். மூன்று, நம் வட்டாரத்தில் மறைந்துபோன ஒவ்வொரு தோட்டத்தின் பெயர், அதன் சூராவ், மையவாடி, அங்கே அடங்கியவர்கள் ஆகியவற்றைப் பெரியோர்களிடம் கேட்டுத் தமிழில் எழுதுவோம்.

மூன்றாவதற்கு உங்கள் உதவி வேண்டும். மண்டபத்தின் பின்பக்க மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். அந்த ஆறு பெயர்களை முதல் பக்கத்தில் எழுதிவிட்டோம். பிரியாணி சாப்பிடப் போகுமுன் ஒவ்வொருவரும் ஒரு பெயரையாவது எழுதிவிட்டுப் போங்கள். எழுத இயலாத பாட்டிமார் சொன்னால் போதும், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

அந்த மூன்று துணி மூட்டைகளா? அவை இன்னும் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் எங்களுக்குப் பாடம் சொல்கின்றன.

வஸ்ஸலாம்.