தோட்டத்துச் சிலந்தி

திருவானைக்காவின் தல வரலாற்றை நம்மில் பலர் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். வெண்ணாவல் மரத்தடியில் இருந்த இலிங்கத்தின்மேல் சருகு உதிராதபடி சிலந்தி ஒன்று தன் வாய்நூலால் விதானம் அமைத்தது. வழிபட வந்த யானையோ அதனைத் தூய்மையற்றதென்று கருதிச் சிதைத்துவிட்டது. ஒன்றின் வழிபாடு மற்றொன்றின் கண்ணுக்குக் குப்பையாயிற்று. ஒட்டடைக்கோலைக் கையிலெடுக்கும் நாமும் பெரும்பாலும் யானையின் கட்சியிலேயே இருக்கிறோம்.

தில்லியிலோ நாகபுரியிலோ வந்து குடியேறிய நமக்கு, வாயிலில் நாலு செடி வைக்க இடம் கிடைத்தால் அதுவே தோட்டம். அச்செடிகளுக்கிடையே சக்கர வடிவான வலையொன்று தோன்றக்கூடும். அதன் நடுவில் தலைகீழாக அமர்ந்திருப்பதே இன்று நாம் காணவிருக்கும் சிலந்தி. இந்தியாவின் பல பகுதிகளில் வாழும் இதனை, தோரெல் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1887-ஆம் ஆண்டில் 'ஆர்ஜியோப் அனசுஜா' என்ற பெயரால் விவரித்தார். பெண்ணின் உடல் நீளம் சுமார் 1 சென்டிமீட்டர். ஆண் அதைவிட மிகச் சிறியது. எட்டுக்கால் பூச்சி என்று நாம் அழைத்தாலும் இது பூச்சி அன்று. பூச்சிகளுக்குக் கால்கள் ஆறே.

வாய்நூல் என்பது வழக்குச் சொல். உண்மையில் நூல் பிறப்பது வயிற்றின் பின்முனையிலுள்ள உறுப்புகளில். முதலிழையைச் சிலந்தி காற்றில் விடுகிறது. அது எதிர்ச்செடியில் ஒட்டியதும் பாலமாகிறது. பின்னர்ச் சட்டமும் ஆரங்களும் அமைகின்றன. அடுத்து, கொத்தனார் கட்டும் சாரம்போலப் பசையற்ற சுருள் ஒன்று. அதில் கால் பதித்து, வெளியிலிருந்து உள்நோக்கிப் பசையுள்ள சுருளை இழைத்துக்கொண்டே சாரத்தை அகற்றிவிடுகிறது. பழைய வலையும் வீணாவதில்லை. அதனைத் தின்று, அந்தப் புரதத்தைக் கொண்டே மீண்டும் நூற்கிறது.

வலையின் நடுவே வெண்ணூலால் வளைத்து வளைத்து நெய்த பெருக்கற்குறியே இதன் அடையாளம். கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, அக்குறியின் நான்கு கைகளுக்கும் நேராக நீட்டியிருக்கும். அக்குறி பூச்சிகளை ஈர்ப்பதற்கு என்பர் சிலர். பறவைகள் வலையைக் கண்டு விலகுவதற்கு என்பர் வேறு சிலர். அறிஞரிடையே இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

கண்கள் எட்டு இருந்தும் பார்வை கூர்மையன்று. இழையின் அதிர்வே இதற்குச் செய்தி. வெட்டுக்கிளியோ ஈயோ சிக்கினால் விரைந்து சென்று நூலால் சுற்றிக் கட்டுகிறது. பெண்ணை நாடி வரும் ஆண் இழையைச் சுண்டித் தன் வரவை அறிவிக்கிறது. ஆயினும் பல வேளைகளில் உணவாகவே முடிகிறது. மனிதருக்கு இச்சிலந்தியால் தீங்கில்லை.

முட்டைகளைப் பட்டுப்பையிலிட்டு வலையின் அருகே வைக்கிறது. வெளிவரும் குஞ்சுகள் செடியின் நுனியேறி, மெல்லிய இழையை விட்டு வானில் மிதந்து செல்கின்றன. சிறு சிலந்திகள் இவ்வாறு எழுவதற்குக் காற்று மட்டுமன்றி வளிமண்டலத்தின் மின்புலமும் துணைபுரியும் என்பதை 2018-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இறங்கிய இடத்தில் முதலிழைக்குப் பிடிப்புத் தேடும் வாழ்க்கை நமக்கு அயலானதன்று.

வீட்டுக்குள் படியும் ஒட்டடையை அடிப்பது முறையே. தோட்டத்து வலையைக் கலைத்தால் சிலந்தி மறுநாளே வேறொன்று நெய்துகொள்ளும். ஆனால், வேலியைக் கத்தரிக்கும்போது பட்டுப்பையும் சருகோடு போய்விட்டால் ஒரு தலைமுறையே போய்விடுகிறது. பூச்சிமருந்தோ அதன் இரையையும் அதனையும் சேர்த்தே அழிக்கிறது. எனவே, கத்தரிக்கோலை எடுக்குமுன் இலைகளை ஒருமுறை விலக்கிப் பார்ப்போம். பையுள்ள கிளையைச் சில வாரங்கள் விட்டுவைப்போம்.