வெளிச்சமும் பொதுச்சொத்துதான்

(நம் சங்கத்தின் குடும்பச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வீட்டு உள்அலங்காரத்தில் இயற்கை வெளிச்சம்" என்று தலைப்பைக் கொடுத்து, பதினைந்து நிமிடம் பேசுங்கள் சார் என்றார் செயலாளர். நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆர்க்கிடெக்ட் இல்லை. ஆனால் பெயின்டிங் கமிட்டியில் இரண்டு முறை இருந்த புண்ணியத்தில், நம் ஐந்து தளங்களிலும் எந்த வீட்டில் எவ்வளவு வெளிச்சம் என்று ஓரளவு தெரியும். தவிர, அடுத்த பொதுக்குழுவில் டக்டை மேலே ஷீட் போட்டு மூடும் தீர்மானம் வருகிறது. இந்தத் தலைப்புக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. நான் அந்தத் தீர்மானத்துக்கு எதிர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் வந்து ஒளித்துவைத்துச் சொன்னதாக இருக்கக் கூடாது.

முதலில் நம் நம் வீட்டுக்குள் போவோம்.

வெளியே வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது. லக்ஸ் என்று ஓர் அளவு இருக்கிறது. உச்சி வெயிலில் வெளியே சுமார் 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய நாளில்கூட சுமார் 10,000 இருக்கும். நாம் உட்கார்ந்து பேப்பர் படிக்கத் தேவைப்படுவது 300 முதல் 500 வரைதான். வரவு லட்சத்தில், செலவு நூற்றில். அப்படியும் பகல் பதினொரு மணிக்கு ஹாலில் ட்யூப்லைட் எரிகிறது என்றால், நடுவில் எங்கோ லீக்கேஜ்.

எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி. நாளைக்குப் பகல் பதினொரு மணிக்கு வீட்டில் எல்லா லைட்டையும் அணையுங்கள். செய்தித்தாளில் வரி விளம்பரப் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கத்திலிருந்து உள்ளே நடந்துகொண்டே படியுங்கள். எந்த இடத்தில் எழுத்து மங்குகிறதோ அதுவரைதான் உங்கள் வீட்டுக்குச் சூரியன் வருகிறார். மீதி வீட்டை மின்வாரியம் பார்த்துக்கொள்கிறது.

கட்டடக்காரர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம்தான் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும். நம் ஜன்னல்களின் மேல்விளிம்பு 7 அடி. ஆக 14 அடி, மிஞ்சினால் 17 அடி. ஹாலும் டைனிங்கும் சேர்ந்து நமக்கு 22 அடி நீளம். சாப்பாட்டு மேஜை எப்போதும் இருட்டில் கிடப்பதன் ரகசியம் இதுதான். பில்டரைத் திட்டி இனிப் பிரயோசனமில்லை.

இதில் கவனிக்க வேண்டியது அந்த மேல்விளிம்பு. ஜன்னலின் மேல்பகுதி வழியாக வரும் வெளிச்சம்தான் அதிக ஆழத்துக்குப் போகிறது. நாம் எதை மறைக்கிறோம்? அதைத்தான். திரைச்சீலைக்குப் பெல்மெட் பெட்டி, அதற்குக் கீழே அலங்கார மடிப்பு, பக்கத்தில் பீரோ, பீரோ மேல் சூட்கேஸ். தேசிய கட்டட விதித் தொகுப்பில், நம் ஊர் மாதிரி வெக்கையும் ஈரப்பதமும் உள்ள இடங்களில் ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று இருக்கிறது. 10க்கு 12 அறை என்றால் 120 சதுர அடி. ஜன்னல் 20 சதுர அடி வேண்டும். நம் படுக்கையறை ஜன்னல் நாலுக்கு நாலு, 16. ஏற்கெனவே நாலு சதுர அடி பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறை பட்ஜெட்டில்தான் இத்தனை செலவும்.

திரைச்சீலைக் கம்பியை ஜன்னல் அகலத்துக்கு மட்டும் போடாமல் இரண்டு பக்கமும் ஓர் அடி நீட்டிப் போடுங்கள். பகலில் ஒதுக்கினால் துணி சுவர் மேல் கிடக்கும், கண்ணாடியை மறைக்காது. நூறு இருநூறு ரூபாய் சமாசாரம். கொசுவலையில் படியும் தூசி நிறைய வெளிச்சத்தைத் தின்றுவிடும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். படிக்கும் மேஜையைச் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் திரையில் வானம்தான் தெரியும்.

வெயில் வேறு, வெளிச்சம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் எல்லா ஜன்னலுக்கும் கறுப்பு சன்ஃபிலிம் ஒட்டிவிடுகிறார்கள். சென்னை சுமார் 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறார். இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் அவர் சற்று வடக்கே இருப்பார். அதனால்தான் கத்திரியில் வடக்கு ஜன்னலில் லேசாக வெயில் விழும், மார்கழியில் தெற்கு ஜன்னலில் இதமாக உள்ளே வரும். இந்த இரண்டு திசையிலும் சூரியன் உயரத்தில் இருப்பதால் ஒரு சாதாரண சன்ஷேட் போதும். தொல்லை மேற்கில். மாலை நாலு மணிக்குத் தாழ்வாக வந்து நேரே கட்டில் வரை நீளும். அதற்கு மூங்கில் தட்டியோ வெட்டிவேர் தட்டியோ ஜன்னலுக்கு வெளிப்புறம் தொங்கவிட வேண்டும். உள்ளே கனத்த திரை போட்டால் வெக்கை கண்ணாடியைத் தாண்டி ஏற்கெனவே வீட்டுக்குள் வந்தாயிற்று. ஆக மேற்கு ஜன்னல்காரர்கள் தட்டி போடட்டும். மற்றவர்கள் எதற்கு சன்ஃபிலிம் ஒட்ட வேண்டும்? (வாஸ்து பார்ப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் சூரியன் பஞ்சாங்கப்படிதான் நடக்கிறார்.)

பழைய வீடுகளில் இதையெல்லாம் யாரும் வகுப்பு எடுக்கவில்லை, செய்துவிட்டார்கள். ஓட்டு வீட்டில் நடுவே ஒரு கண்ணாடி ஓடு. நடுவீட்டில் முற்றம். செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர் இன்றும் பளபளக்கிறது. முற்றத்தில் விழுந்த வெளிச்சத்தை அந்தச் சுவர்தான் தாழ்வாரத்துக்கும் அறைகளுக்கும் கைமாற்றிவிடும்.

நமக்கு முற்றம் கிடையாது. அதன் ஏழைத் தம்பி ஒன்று இருக்கிறது. அதுதான் டக்ட்.

எட்டுக்கு ஆறடி, வானம் பார்த்த கூண்டு. ஐந்து தளத்துச் சமையலறைகளும் குளியலறைகளும் அதைப் பார்த்துத்தான் மூச்சு விடுகின்றன. மேலே இருப்பவர்களுக்கு அது குழாய் போகும் இடம், புறா தங்கும் இடம். கீழே இருப்பவர்களுக்குச் சமையலறையின் ஒரே பகல்.

இங்கே ஒரு கூட்டுவட்டிக் கணக்கு, வங்கிக்காரன் புத்தி போகாது. கீழ்த்தளம் வரை வெளிச்சம் நேராக இறங்குவதில்லை, சுவரில் பட்டுப் பட்டுத்தான் இறங்குகிறது. நல்ல வெள்ளைப் பெயின்ட் தன் மேல் படும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 80 பங்கைத் திருப்பித் தரும். பழைய சிமென்ட் பூச்சு, அதுவும் பாசி பிடித்தது, 30 தந்தால் அதிகம். நாலு முறை பட்டுக் கீழே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கைச் சுலபமாக்கிச் சொல்கிறேன். வெள்ளைச் சுவரில் 100 ரூபாய் 80 ஆகி, 64 ஆகி, 51 ஆகி, 41 ரூபாயாகக் கீழே வந்து சேரும். அழுக்குச் சுவரில் 30, 9, 2 ரூபாய் 70 காசு, கடைசியில் 81 காசு. நம் டக்டின் உட்சுவருக்குக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து பெயின்ட் அடித்ததே இல்லை. வெளிச்சுவருக்கு இரண்டு முறை அடித்தோம், ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்களே.

அந்த 81 காசுக்கு மேல்தான் இப்போது ஷீட் போடப்போகிறோம்.

புறாத் தொல்லை உண்மை. எச்சம், நாற்றம், எக்ஸாஸ்ட் ஃபேனில் கூடு, எல்லாம் உண்மை. இரண்டாவது மாடியில் ஒரு குழந்தைக்கு வீசிங் இருக்கிறது, அவர்கள் கவலை நியாயமானது. பாலிகார்பனேட் ஷீட் தெளிவானதுதானே, வெளிச்சம் வருமே என்று கேட்கிறார்கள். புதிதில் வரும். ரோட்டுத் தூசியும் பாசியும் ஏறியபின் நாலு மாடிக்கு மேலே போய் அதைக் கழுவப்போவது யார்? ஏ.எம்.சி.யில் அது இல்லை. அடுத்து, குளியலறை ஃபேன் எல்லாம் அந்தக் கூண்டுக்குள்தான் ஊதுகின்றன. சில வீடுகளில் கேஸ் கீசர் இருக்கிறது. மேலே அடைத்துவிட்டால் அந்தப் புகை எங்கே போகும்? கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இது வெளிச்சத்தைவிடப் பெரிய விஷயம், தயவுசெய்து இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று கேட்கிறார்கள்: "சார், எல்.இ.டி. போட்டுக்கொள்ளட்டுமே, கரண்ட் எவ்வளவு ஆகிவிடும்?" கணக்குப் போட்டேன். 20 வாட்ஸ் லைட் மூன்று, பகலில் எட்டு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட் வரும். பெரிய தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பணத்துக்காக இதைச் சொல்லவில்லை.

அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக்காரருக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்குகிறது, உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிறது. கண் டாக்டரைக் கேட்டால் சொல்வார். நம் கீழ்த்தளத்திலும் முதல் தளத்திலும் யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். மாடி ஏற முடியாது என்பதற்காகவே அங்கே வாங்கியவர்கள். எழுபது, எழுபத்தைந்து, ஒருவருக்கு எண்பத்திரண்டு. அதிக வெளிச்சம் தேவைப்படுகிறவர்கள் குறைந்த வெளிச்சம் உள்ள தளத்தில் இருக்கிறார்கள். அரிசியில் கல் பார்ப்பதும், மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பதும், ஈரத்தரையைத் தெரிந்துகொண்டு கால் வைப்பதும் அந்த டக்ட் ஜன்னல் வெளிச்சத்தில்தான். லைட் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் பகலில் லைட் போடச் சங்கடப்படும் தலைமுறை அது. சொன்னாலும் கேட்கமாட்டார்கள், என் வீட்டிலேயே கேட்கமாட்டார்கள்.

இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி போட்டார்கள். ஜனங்கள் வரிக்குப் பயந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அவர்களுக்காவது வரி என்று ஒரு காரணம் இருந்தது. நம் நாட்டில் 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தில், ஒரு கட்டடத்துக்கு 20 வருடம் இடைவிடாமல், தகராறில்லாமல் உரிமையாக வந்துகொண்டிருக்கும் வெளிச்சத்தைப் பக்கத்து மனைக்காரர் மறைக்கக் கூடாது என்று இருக்கிறது. அது பக்கத்து மனைக்காரருக்கு. ஒரே லிஃப்டில் போய்வருகிற நமக்குள் சட்டத்தை இழுப்பானேன்?

நான் முன்வைக்கும் மாற்றுத் தீர்மானம் இது. ஷீட்டுக்குப் பதில் மொட்டைமாடியில் டக்ட் வாய்க்கு நைலான் புறாவலை. காற்றும் வெளிச்சமும் போகும், புறா போகாது. கீழே பைப்புகள் நடுவே இருக்கும் பழைய கூடுகளை முதலில் அகற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே மாட்டிக்கொள்ளும். பிறகு டக்டின் நாலு சுவரையும் கழுவி, பாசி போக மருந்து அடித்து, வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட். கயிற்றில் தொங்கி அடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். டக்டுக்குள் ஏ.சி. அவுட்டோர் யூனிட் வைத்திருக்கும் மூன்று வீட்டுக்காரர்களும் அதை மொட்டைமாடிக்கு மாற்றிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். பைப் செலவில் ஒரு பகுதியைச் சங்கம் ஏற்கலாம். பால்கனியை டின்டட் கண்ணாடியால் மூட விண்ணப்பம் கொடுத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நம் ஹாலுக்கு இருக்கும் ஒரே பெரிய ஜன்னல் அந்த பால்கனிக் கதவுதான். மூடியே ஆக வேண்டுமென்றால் நிறமில்லாத கண்ணாடி போடுங்கள்.

ஷீட்டுக்கு வந்த கொட்டேஷன்கள் பொருளாளரிடம் இருக்கின்றன. வலைக்கும் பெயின்டுக்கும் இரண்டு கொட்டேஷன் நான் வாங்கித் தருகிறேன். பொதுக்குழுவுக்கு முந்தைய ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு, பி பிளாக் கீழ்த்தளத்தில் முதல் வீட்டு அம்மா தன் சமையலறையை எல்லோரும் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். லைட் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஐந்தைந்து பேராக வாருங்கள், அறை சின்னது. கையில் அன்றைய செய்தித்தாள் இருக்கட்டும்.