என்ன ஜாதி நாய்?

தாம்பரத்துல நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர். நாய்க்குட்டி வேணும்னு பையன் ஒரே பிடிவாதம். கடைக்குப் போனார். கூண்டுக்குள்ளே புசுபுசுன்னு ஒரு ஹஸ்கி. சைபீரியப் பனியில வண்டி இழுக்கிற நாய்! சித்திரை வெயிலுக்கு அதுக்கு ஏ.சி. போட்டா கரண்ட் பில்லை யார் கட்டறது?

“குட்டிக்கு எத்தனை நாளாச்சு?”ன்னு கேட்டார்.

“ஒரு மாசம் சார்.”

2018-ல வந்த மத்திய அரசு விதிப்படி, எட்டு வாரம் ஆகாத குட்டியைக் கடையில விக்கவே கூடாது. அது தாய்ப்பால் மறக்கணும்; கூடப் பிறந்ததுங்களோட கடிச்சு விளையாடி, எவ்வளவு கடிச்சா வலிக்கும்னு கத்துக்கணும். பாதியில பிரிச்சா அந்தப் பாடத்தை நம்ம கையில படிக்கும்!

பேசாம மின்சார ரயில் ஏறி கிண்டியில இறங்கினார். வேளச்சேரி சாலையில புளூ கிராஸ்; ஆதரவில்லாத பிராணிகளைப் பார்த்துக்கிற அமைப்பு. கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் 1959-ல ஆரம்பிச்சது. அவரும் விமானி, மனைவி உஷாவும் விமானி. ஆகாயத்துல பறந்தவங்க தெருநாயைக் கவனிச்சிருக்காங்க பாருங்க!

அங்கே விலைப் பேச்சு இல்லை, கேள்விதான். வீட்டுல எல்லாருக்கும் சம்மதமா? ஊருக்குப் போனா யார் பார்த்துப்பாங்க?

செவலைக் குட்டி ஒண்ணு வீட்டுக்கு வந்துது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன ஜாதி சார்?”னார்.

இவர் சொன்னார்: “கிண்டி!”