முறைப்பாடு வேறு, காட்டிக்கொடுத்தல் வேறு

(கமக்காரர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



பொலிஸ் நிலையத்துப் படி ஏறுவதென்றால் நம்மவர் நெஞ்சு நடுங்குகின்றது. அந்த அச்சம் காரணமின்றிப் பிறந்ததன்று. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலிலும், 2009இல் முடிவுற்ற போரின் கொடுமையிலும் வாழ்ந்தவர்கள் நாம். பொலிசிடம் வாய் திறப்பவனைக் காட்டிக்கொடுப்பவன் என்று ஊர் ஏசிய காலமும் உண்டு. ஆயினும், அந்த மௌனத்தால் இன்று இலாபமடைபவர் யார்? தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்தைத் திருடுபவனும், பட்டி மாட்டை அவிழ்ப்பவனும், வாளோடு இரவில் வீடு புகுபவனுமே!

எப்போது முறையிட வேண்டும்? 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 21ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகின்றது. கொலை, கொள்ளை போன்ற பாரதூரமான குற்றம் நடந்ததை, அல்லது நடக்கவிருப்பதை அறிந்தவரும், சந்தேகத்துக்கிடமான மரணத்தை அறிந்தவரும், தக்க காரணமின்றி வாளாவிருத்தல் ஆகாது. நீதவான் நீதிமன்றத்துக்கோ, பொலிஸ் நிலையத்துக்கோ, கிராம அலுவலருக்கோ அறிவித்தல் அவரது கடமை. உயிருக்கு ஆபத்து நேரும் வேளையில் 119 என்ற இலக்கத்தை உடனே அழையுங்கள்.

களவு போனால் நாளைக்குப் பார்ப்போம் என்று இராதீர்கள். தாமதித்த முறைப்பாட்டை நீதிமன்றம் ஐயத்துடன் நோக்கும். காணி விடயத்தில் தாமதம் பெருங்கேடு. உங்கள் நிலத்திலிருந்து ஒருவன் உங்களைப் பலவந்தமாக வெளியேற்றி, அதனால் அமைதி குலையும் நிலை தோன்றினால், ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் பரிகாரம் உண்டு. ஆனால், வெளியேற்றப்பட்ட 2 மாதத்துக்குள் நீதிமன்றத்தில் தகவல் தாக்கல் செய்யப்பட வேண்டும். காலங்கடந்தால் நீண்ட குடியியல் வழக்கே கதி.

சிறு பூசல்களை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபையில் தீர்த்துக்கொள்ளலாம். அதனை நான் வரவேற்கின்றேன். ஆனால், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இழைத்த கொடுமையை ஊர்ப் பெரியவர்கள் கூடிக் காசு கொடுத்து மூடுவதைச் சமாதானம் என்று சொல்லாதீர்கள். அது குற்றத்துக்குப் போடும் வேலி.

கண்டதைச் சொல்லுங்கள், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதென்றே சொல்லுங்கள். வேலிப் பகைக்காக அயலவன்மேல் பொய் முறைப்பாடு செய்வது தண்டனைக்குரிய குற்றம். காட்டிக்கொடுத்தல் என்பது அதுவே. தனக்கோ அயலவனுக்கோ நேர்ந்த அநீதியை உள்ளபடி உரைப்பவன் சாட்சி. அவனை ஊர் மதிக்க வேண்டும்.

இனி, மொழி. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த நாள்முதல் நாம் போராடிய உரிமை இது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. முன்சொன்ன சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, வாய்மொழி முறைப்பாட்டை, அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி வாசித்துக்காட்ட வேண்டும். உத்தியோகத்தருக்கு அது இயலாதெனின், நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். விளங்காத மொழியில் எழுதியதை விளக்கிச் சொல்லும்படி கேளாமல் கையொப்பமிடாதீர்கள்! படித்தவர்களே, அயலிலுள்ள கமக்காரனுக்குத் துணையாகச் செல்லுங்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால், மேலதிகாரிக்கும் தேசியப் பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். சட்டத்தரணியின் துணையுடன் நீதவானிடம் நேரே முறையிடவும் வழியுண்டு.

இறுதியாக ஒன்று. கண்முன்னே களவு செய்தவனைப் பிடிக்கச் சட்டம் உங்களுக்கு அதிகாரம் தருகின்றது. பனையிற் கட்டி அடிக்கும் அதிகாரத்தைத் தரவில்லை. தாமதமின்றி ஒப்படையுங்கள். பொலிஸ் காவலில் நம் பிள்ளைகள் அடிபடலாகாது என்று முழங்கும் நாம், ஊர்ச் சந்தியில் இன்னொருத்தியின் பிள்ளையை அடித்தால் நமது முழக்கத்துக்கு என்ன மதிப்பு?

சட்டத்தை நமக்கெதிராகப் பலர் ஏவியதுண்டு. அதனால் அதனை அவர்களிடமே விட்டுவிடலாமா? தமிழில் கேளுங்கள், தமிழில் எழுதுங்கள், எழுதியதன் திகதியையும் இலக்கத்தையும் குறித்து வையுங்கள்.