தேய்ந்த பல்லுக்கு எதை வைத்து அடைப்பது?

(நமது அறக்கட்டளையின் மருத்துவ முகாமில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நபித்தோழர் அர்ஃபஜா (ரலி) அவர்களுக்கு, இஸ்லாத்துக்கு முன் நடந்த குலாப் போரில் மூக்கு அறுபட்டுப் போனது. வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தினார்கள், நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி நூல்களில் வரும் செய்தி இது. தங்கத்தால் பல் கட்டுவது பற்றிப் பேசும் சட்ட அறிஞர்களும் இதை எடுத்துக்காட்டுவார்கள். உடம்பில் வைக்கும் பொருள் ஈரத்தைத் தாங்குமா என்ற கேள்வி அவ்வளவு பழையது.

நம் பகுதியில் பல் தேய்வதற்குக் காரணங்கள் பல. செங்கல் பொடி, கரி, உப்பு வைத்துத் தேய்ப்பது. இரவுத் தறியில் தூக்கம் வராமலிருக்கப் பாக்கு மெல்லுவது. நெஞ்செரிச்சலில் மேலே வரும் அமிலம். தூக்கத்தில் பல்லைக் கடிப்பது. இவற்றோடு தண்ணீரும் சேர்கிறது. சேலம், தருமபுரிப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பல் உருவாகும் வயதில் அதைக் குடித்தால் பல் பழுப்பேறும், முற்றினால் எனாமல் குழிவிழுந்து பெயரும். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு 2013-இல் ஒகேனக்கல் குடிநீர் வந்தது இதற்காகத்தான்.

தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அதனால்தான் எதை வைப்பது என்பது முக்கியம்.

விலை குறைவு என்று எல்லோரும் கேட்பது சிமெண்ட். ஈறு ஓரத்தில் பிரஷ் அறுத்த பள்ளத்துக்கு அது நல்லது. பல்லோடு தானே ஒட்டும். கடைவாய்ப் பல்லின் மெல்லும் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் கரைந்து உடையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடைத்துக் கொண்டிருப்பவர்கள் மலிவாகச் செய்ததாக நினைக்கிறார்கள், கூட்டிப் பாருங்கள்.

பல் நிறத்தில் ஒளி காட்டி இறுக்கும் காம்போசிட் அதைவிட வலுவானது. நன்றாகச் செய்தால் பல ஆண்டு நிற்கும். ஓரம் சிதைந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம், பல்லை அதிகம் ராவ வேண்டியதில்லை. ஆனால் வைக்கும்போது எச்சில் படக்கூடாது. ஃப்ளோரைடு ஏறிய பல்லில் பிடிமானமும் குறைவு, அதற்கு மருத்துவர் கூடுதல் நேரம் எடுக்க வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

கேப் இன்னும் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும். ஏற்கெனவே குட்டையாகிவிட்ட பல்லில் பிடிக்க இடம் இருக்காது. முப்பது வயதுக்காரருக்கு எடுத்த எடுப்பில் கேப் போடுவதை நான் விரும்புவதில்லை.

எதை வைத்தாலும், இரவில் பல் கடிப்பவர் தூங்கும்போது போடும் உறையை அணியாவிட்டால் அதையும் கடித்து உடைப்பார். பாக்கும் அப்படியே.

பல் அடைப்பு இருக்கும்போது கடமையான குளிப்பு நிறைவேறுமா என்று சில தாய்மார்கள் கேட்டீர்கள். அதை இமாம் அவர்களிடம் கேளுங்கள். அறக்கட்டளையில் உதவி கேட்டு வருபவர்கள், எந்தப் பல்லில் எந்தப் பொருள் என்று மருத்துவரிடம் சீட்டில் எழுதி வாங்கி வாருங்கள். ரமளானுக்கு முன்பே வேலையை முடித்துக்கொண்டால் நோன்பில் சிரமம் இராது. வஸ்ஸலாம்.